பிளேசியின் பின்னங்கால்

லூபெக்,
18 டிசம்பர் 1983

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாசல் படியில் உப்புத் தூவுகிறாயா? இங்கே பனியே இல்லை, நாள் முழுக்க மழைதான். இப்படி ஒரு கிறிஸ்துமஸை நான் பார்த்ததில்லை.

மீன் இறக்குமதி அலுவலகத்தில் வேலை பழகிவிட்டது. சில நாள் வருகிற மீன் பெட்டிகளில் ஆக்குரேய்ரி என்று நம் ஊர்ப் பெயர் போட்டிருக்கும். அதைப் பார்த்தால் அன்றைக்கு வேலை ஓடுவதில்லை.

அம்மா, ஓர் உதவி வேண்டும். கேட்கவே தயக்கமாக இருக்கிறது. புத்தாண்டு கழிந்ததும் லாயக்காரர் தோர்கிரிம் நம் குதிரை பிளேசியை மேய்ச்சலிலிருந்து கொண்டுவந்து தன் லாயத்தில் கட்டுவார். தீனி, தண்ணீர், சாணம் அள்ளுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் பிளேசி மேல் ஏறி ஓட்ட அவரிடம் ஆள் இல்லை. அவருடைய குதிரைகளைக் கவனிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை. குளிர்காலம் முழுக்கக் கட்டின இடத்திலேயே நின்றால் அவன் உடம்பு கெட்டுவிடும். நீ பண்ணையில் பிறந்தவள், குதிரை உனக்குப் புதிதில்லை. அண்ணன் எய்விந்த் கடலில் போன பிறகு நீ அந்த லாயத்துப் பக்கமே போகவில்லை என்பது தெரியும். பிளேசி அவனுடைய குதிரை என்பதும் தெரியும். வேறு யாரிடம் கேட்பேன் சொல். இந்த ஒரு குளிர்காலம்தான். வசந்தத்தில் நான் வந்துவிடுவேன்.

உனக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தோல் கையுறை அனுப்பியிருக்கிறேன். புதுத் தோல் விறைப்பாக இருந்தது. உன் விரலுக்கு வலிக்குமே என்று நானே சில நாள் போட்டுப் பழக்கினேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஹால்பேரா

*

ஆக்குரேய்ரி,
9 ஜனவரி 1984

ஹால்பேராவுக்கு அம்மாவின் அன்பு முத்தங்கள்.

முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அங்கேயே இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? மழை என்று எழுதியிருந்தாய், கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடாதே.

உன் கையுறையை எரித்துவிட்டோம். ஆமாம், எரித்தேவிட்டோம். அதைப் போட்டுக்கொண்டு பெருமையாக லாயத்துக்குள் போனேன். தோர்கிரிம் என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"எம் பொண்ணு ஜெர்மனியிலேருந்து அனுப்பினா."

"புதுசுன்னா இந்த முடி எப்படி ஒட்டும்? இது அந்த ஊர்க் குதிரை முடி! அதுக்கு என்ன நோய் இருக்கோ யாரு கண்டா! நம்ம குதிரைங்க எந்த நோயையும் பார்த்ததில்ல ஸ்டெய்ன்வோர். ஒண்ணு தும்முனா தீவே காலி. மொதல்ல வெளியே போங்க, போங்கன்னா!"

அந்தக் குளிரில் மேல்கோட்டைக் கழற்றவைத்து, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவவைத்தார் அந்த மனுஷர். கையுறை லாயத்துக்குப் பின்னாலிருக்கும் எண்ணெய்ப் பீப்பாயில் எரிந்தது. நீ குதிரைகளோடு வளர்ந்தவள்தானே? வெளிநாட்டில் போட்ட கையுறையை ஐஸ்லாந்துக்கு அனுப்பலாமா? எனக்காகப் பழக்கினாய் என்று நினைத்தால் திட்டவும் மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மீன் அலுவலகத்தில் குதிரை முடி எப்படி வந்தது?

பிளேசிக்கு வழுக்காமலிருக்க நான்கு லாடத்திலும் பனி ஆணி அடித்தாயிற்று. எய்விந்தின் சேணம் அவன் மாட்டின ஆணியிலேயே தொங்குகிறது. பிளேசிக்குப் பொருந்துகிற வேறு சேணம் இல்லாததால் அதில்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பிளேசிக்குப் பொறுமை போய் அவனே வாசலைப் பார்த்து நடந்துவிட்டான். ஆற்றோரச் சாலையில் பாலம் வரை போய் வந்தோம். இன்று தொடை இரண்டும் என்னுடையவை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அம்மா

*

லூபெக்,
20 ஜனவரி 1984

அன்புள்ள அம்மா,

நலம். நீயும் உன் தொடைகளும் நலமா?

கையுறை விஷயத்தில் என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. தோர்கிரிமிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். இங்கே ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் நம் தீவுக் குதிரைகள் இருக்கின்றன. இவர்களுக்கு நம் குதிரை என்றால் பைத்தியம். சனி ஞாயிறில் போய் உதவி செய்கிறேன். வேறொன்றுமில்லை.

நீ ஏறினாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழுதேன். அம்மா, இவற்றை மட்டும் மறக்காதே. உடம்பு சூடாகும்வரை நடைதான், ஓட்டம் வேண்டாம். வியர்வையோடு அவனைக் குளிரில் நிறுத்தாதே, வைக்கோலால் தேய்த்துத் துடைத்துவிடு. முக்கியமாக, ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் குளம்பைத் தூக்கி ஆணியைப் பார். பனிக்கட்டியில் ஆணி சீக்கிரம் தேயும். ஒன்று விழுந்தாலும் அன்றைக்குப் போகாதே.

அன்பு மறவாத,
ஹால்பேரா

*

ஆக்குரேய்ரி,
3 பிப்ரவரி 1984

என் ஹால்பேராவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

மலைக்கு மேலே சூரியன் எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டது. நேற்று மேலே இருக்கும் குளத்துக்குப் போனோம். பனிக்கட்டி கல் மாதிரி இருந்தது, தோர்கிரிம் கடப்பாரையால் துளைத்துப் பார்த்த பிறகுதான் விட்டார். பிளேசி குலுங்காத தோல்ட் நடை பிடித்தான் பார், ஐயோ! கையில் நிறைந்த காபிக் கோப்பை இருந்தாலும் ஒரு சொட்டுத் தளும்பியிருக்காது. குளத்தின் அந்தக் கரை வந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

இரண்டு வருஷமாகக் கம்பளி ஆலைக்கும் வீட்டுக்கும்தான் போய்வந்தேன். இப்போது ஆலை விட்டதும் கால் தானாக லாயத்து மேட்டில் ஏறுகிறது. ஆலையில் பெண்கள் விடுகிறார்களா?

"என்ன ஸ்டெய்ன்வோர், முகம் செவந்து கெடக்கு, புது ஆளா?"

"ஆமா, நெத்தியில வெள்ளப் பட்டை, நாலு காலு, மூச்சு விட்டா வைக்கோல் வாசனை" என்றேன்.

தோர்கிரிம் புளிக்கவைத்த சுறா மீனை எடுத்து வந்து எனக்கும் ஊட்டப் பார்த்தார். "அந்தப் பக்கம் போய்யா" என்று விரட்டினேன்.

செப்டம்பரில் ஆடுகளை மலையிலிருந்து இறக்கப் போகும்போது நாமும் சேர்ந்து போகலாம். நீ பிளேசி மேல், நான் தோர்கிரிமின் கிழட்டுக் குதிரை மேல். எய்விந்த் இருந்தபோது ஒரு தடவைகூட நான் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனான்.

வரும் தேதியை எழுது. உன் அறைக்கு வெள்ளை அடிக்க வேண்டும்.
அம்மா

*

லூபெக்,
12 பிப்ரவரி 1984

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு லேசான ஜலதோஷம், சரியாகிவிட்டது.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். அதனால்தான் இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நான் போகும் பண்ணையில் பிளேசிக்கு ஓர் இடம் தருகிறார்கள். பெரிய புல்வெளி, வேலிக்கு அந்தப் பக்கம் ஓடை. குளிர்காலத்திலும் புல் முழுதாகச் செத்துப்போவதில்லை. அவனோடு மேய நம் தீவுக் குதிரைகளே இருக்கின்றன. மே மாதம் ஆக்குரேய்ரியிலிருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வருகிறது. ஏற்றுமதி செய்கிறவரிடம் பேசிப் பெயர் கொடுத்திருக்கிறேன். கால்நடை டாக்டர் பார்த்து, குறையில்லை என்று சொன்னால் போதும்.

அதுவரை அவனை விடாமல் ஓட்டி உடம்பைக் கட்டாக வைத்திரு. நீ எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதே அம்மா. தயவுசெய்து.

ஹால்பேரா

*

ஆக்குரேய்ரி,
27 பிப்ரவரி 1984

ஹால்பேராவுக்கு,

ஜலதோஷம் போனது நல்லது. வெந்நீர் குடி.

ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய். புல்வெளி இருக்கிறது, ஓடை இருக்கிறது, கப்பல் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. இந்தத் தீவை விட்டு வெளியே கால் வைத்த குதிரை பிறகு எந்தக் காலத்திலும் உள்ளே வர முடியாது. ஒரே நாள் போனாலும் போனதுதான். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குதிரையை அனுப்பு என்றால் நீ வரமாட்டாய் என்று அர்த்தம். அதை நேராக எழுத உனக்குப் பேனா ஓடவில்லை. பெற்றவளிடம் சுற்றிவளைத்துப் பேச எங்கே கற்றுக்கொண்டாய்?

மிச்சத்தையும் கேள். உன் கடிதம் வந்த அன்று, முந்தின நாள் பெய்த மழை பனிக்கட்டி மேல் உறைந்து, ஊரே கண்ணாடியாக இருந்தது. எனக்கு உள்ளே கொதித்தது. கடிதத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு நேரே லாயத்துக்குப் போய் அவனை வெளியே இழுத்தேன். குளம்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. தோர்கிரிம் பின்னாலேயே, "ஆணி பாத்தீங்களா? ஏம்மா, ஆணி பாத்தீங்களான்னு கேக்குறேன்ல!" என்று கத்தினது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. சூடேறும்வரை நடத்தவுமில்லை. பாலத்தருகே அவன் பின்புறம் அப்படியே வழுக்கிப் போனது, இருவரும் விழுந்தோம். பின்னங்காலில் ஆணி இரண்டும் தேய்ந்து மொட்டையாகியிருந்தன.

வலது பின்னங்கால் தசைநார் இழுத்துக்கொண்டுவிட்டது. நொண்டுகிறான். கால்நடை டாக்டர் அம்மா வந்து பார்த்தாள், காலைத் தொட்டதும் வீக்கம் சூடாக இருந்தது. "இந்தக் காலோட கப்பல் ஏத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

எழுத்து கோணலாக இருந்தால் கோபத்தில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்.

அம்மா

*

லூபெக்,
8 மார்ச் 1984

அன்புள்ள அம்மா,

நீ விழுந்தாய் என்று எழுதியிருக்கிறாய், உனக்கு அடிபட்டதா என்று எழுதவில்லை. முதலில் அதைச் சொல்.

பிளேசியை விட்டுவிடு. லாடத்தைக் கழற்றச் சொல். கோடை வந்ததும் தோர்கிரிமின் மேய்ச்சலில் விடு, தின்று கொழுக்கட்டும். ஏற்றுமதிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன்.

ஹால்பேரா

*

லூபெக்,
3 ஏப்ரல் 1984

அம்மா,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபமென்றால் இரண்டு வரி திட்டியாவது எழுது. தினம் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். கீழ்வீட்டு அம்மாள், "இன்னிக்கும் இல்லியா?" என்று கேட்கிறாள். ஜெர்மன் மொழியில் எனக்குத் தெளிவாகப் புரிகிற வாக்கியம் இப்போது அதுதான்.

ஹால்பேரா

*

லூபெக்,
19 ஏப்ரல் 1984

அன்புள்ள அம்மாவுக்குக் கோடை முதல் நாள் வாழ்த்துகள்.

அங்கே வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும், எல்லாரும் ஒருவருக்கொருவர் கோடை வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இங்கே உண்மையாகவே வெயில் அடிக்கிறது, வாழ்த்துச் சொல்லத்தான் யாரும் இல்லை.

பேனா ஓடவில்லை என்று எழுதினாய். இன்று ஓட்டுகிறேன். நான் திரும்பி வரவில்லை, அம்மா. இப்போதைக்கு என்றுகூடப் போட்டு மெழுக விரும்பவில்லை. நம் வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல் தெரிகிறது. எய்விந்தை விழுங்கின கடல். நீ எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவுவாய், நான் ரொட்டி நறுக்குவேன், இரண்டு பேரும் அவன் பெயரைச் சொல்லமாட்டோம். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. நீ என்னைப் பிடித்துவைக்கவில்லை, நான்தான் ஓடிவந்துவிட்டேன். உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்ததை நினைக்காத நாள் இல்லை.

பிளேசியை ஏன் கேட்டேன் தெரியுமா? அவன் மேல்தான் எய்விந்த் எனக்குச் சவாரி கற்றுக்கொடுத்தான். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவந்தான், திட்டிக்கொண்டே ஓடிவந்தான். பிளேசி மேல் உட்கார்ந்தால் நான் இன்னும் அவன் தங்கை. மற்ற நேரமெல்லாம் மீன் கணக்கு எழுதுகிற வெளிநாட்டுக்காரி, அவ்வளவுதான்.

இதை எழுதினது உன் மனதை மாற்ற அல்ல. அவன் உன்னிடமே இருக்கட்டும். நீ குளத்தின் மேல் சிரித்தாய் என்று எழுதினாயே, அது எனக்குப் போதும்.

எப்போதும் உன்,
ஹால்பேரா

*

ஆக்குரேய்ரி,
15 மே 1984

என் கண்ணே ஹால்பேரா,

உனக்கும் கோடை வாழ்த்து, தாமதமாக. அன்று இங்கே தண்ணீர்த் தொட்டி உறைந்துவிட்டது. குளிர்காலமும் கோடையும் சேர்ந்து உறைந்தால் அந்த வருஷம் பால் கெட்டியாக இருக்கும் என்று தோர்கிரிமுக்கு ஒரே சந்தோஷம். அவரிடம் ஒரு பசுகூடக் கிடையாது.

உன் மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். விழுந்த அன்று என் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. போன கடிதம் இடது கையால் எழுதினது, கோபம் கொஞ்சம்தான். பதறாதே, கட்டுப் பிரித்தாயிற்று. ஆனால் அது மட்டும் காரணமில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாதபோது உனக்கு என்ன எழுதுவது?

நொண்டிக் குதிரை கப்பல் ஏறாது என்று டாக்டர் அம்மா சொன்னதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கை முறிந்து வலியில் துடித்துக்கொண்டே சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடித்தேன். ஒரு பிராணியின் கால் போனதில் சந்தோஷப்பட்டவள் உன் அம்மா, தெரிந்துகொள்.

வீக்கம் வடிந்ததும் தோர்கிரிம் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"இனிமே தெனமும் கையில புடிச்சு நடத்தணும், கெட்டி ரோட்டுல, நிதானமா. நடத்தினா காலு சரியாயிடும்."

"சரியானா?"

"சரியானா கப்பல் இருக்கு. நடத்தாம விட்டா காலு இப்படியே நின்னுடும், உங்க கூடவே இருப்பான். நான் எதுவும் சொல்ல மாட்டேன். உங்க வீட்டு விஷயம்."

நீ விட்டுவிடு என்று எழுதியிருந்தாய். நீ எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறாயா? ஒரு கிண்ணம் தயிருக்காக எய்விந்தின் மண்டையை உடைத்தவள். அப்படிப்பட்டவள் இவ்வளவு சின்னக் கடிதத்தில் விட்டுவிடு என்கிறாளே என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் சில நாள் லாயத்துக்குப் போகவேயில்லை. கால் கெட்டால் கெடட்டும் என்றுதான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். முடியவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலி குத்தியது. போய் அவிழ்த்தேன்.

என் பூட்சில் இரும்புப் பல்லை மாட்டிக்கொண்டு, கயிற்றை இடது கையில் பிடித்து, தினம் நடத்தினேன். முதலில் லாயத்து முற்றத்திலேயே, பிறகு தேவாலயத்துத் திருப்பம் வரை, பிறகு பாலம் வரை. உனக்கு அனுப்புவதற்காக இல்லை. நொண்டுகிற ஜீவனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனிப்புயல் அடித்த நாட்களிலும் போனோம், அவன் முகத்தில் பனி அப்பிக்கொள்ளும், என் மேல் தேய்த்துத் துடைத்துக்கொள்வான். அவன் நடை தேறத் தேற எனக்குத் தூக்கம் குறைந்தது. ஒரு நாள் அவன் நேராக நடந்தான். தோர்கிரிம் கைதட்டினார். நான் லாயத்துக்குள் போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அப்புறம்தான் உன் கோடை நாள் கடிதம் வந்தது. படித்துவிட்டு உருளைக்கிழங்குக் கூடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ எழுதினது சரிதான். நான் ஒரு நாளாவது அவன் பெயரை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பேசினால் நீ உடைந்துபோவாய் என்று நான் பயந்தேன். நீ என்னைப் பற்றி அப்படியே பயந்திருக்கிறாய். மறுநாள் ஏற்றுமதிக்காரரைத் தேடிப் போய், என் மகள் வேண்டாம் என்று சொன்னதை மறந்துவிடுங்கள் என்றேன். டாக்டர் அம்மா காலை அழுத்தினாள், வளைத்தாள், ஓட்டிக் காட்டச் சொன்னாள். நான் ஓட்டிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

இன்று கப்பல் ஏற்றினோம். எய்விந்தின் படகு கிளம்பின நாளுக்குப் பிறகு நான் அந்தத் துறைமுகத்தில் கால் வைக்கவில்லை. சரிவுப் பலகை முன்னால் பிளேசி நின்றுவிட்டான், ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. மாலுமி பின்னாலிருந்து தட்டப் போனான்.

"கை வைக்காதப்பா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஏம்மா, கட்டு பிரிச்ச கையை வெச்சுக்கிட்டா?"

"இன்னொரு கை இருக்குப்பா, அத நம்பித்தான் இவன் நடந்தான். தள்ளு."

நான் முன்னால் போனேன், அவன் பின்னால் வந்தான். கட்டிவிட்டு இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். வைக்கோலில் மூஞ்சியைப் புதைத்துவிட்டான் தின்னிப்பயல். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை தோர்கிரிம் என் பக்கத்தில் நின்றார், வாயே திறக்கவில்லை. அந்த மனுஷர் வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இந்தக் கடிதம் விமானத்தில் வருகிறது, கப்பலுக்கு முன்னால் வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். பண்ணைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நீயே போய் இறக்கு. சேணத்தையும் அனுப்பியிருக்கிறேன். முதலில் கொஞ்ச நாள் ஏறாதே, கையில் பிடித்து நடத்து. வலப்பக்கம் சட்டென்று திருப்பாதே. நடத்தும்போது அவனோடு பேசு. நான் எய்விந்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போவேன், காதை ஆட்டிக்கொண்டே வருவான்.

நாளை ஆலை விட்டதும் கால் மேட்டில் ஏறும், ஏறிப் பார்த்தால் அவன் இருக்கமாட்டான். அதை எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை. உனக்கு மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன், உன்னைக் குத்துவதற்காக இல்லை.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன், ஹால்பேரா. போனால் திரும்பி வரக்கூடாது என்கிற சட்டம் குதிரைக்குத்தான். உனக்கு இல்லை.

அம்மா